அடுத்த ஃபேன்டசி, அடுத்த திரில்லர்: எந்த வழியில் எடுத்தால் ஏமாற்றம் குறையும்?

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் ஆங்கில நாவல் படிக்கிற தமிழ் வாசகர்களிடம் இப்போது அடிக்கடி கேட்கிற புலம்பல் இது: ஊரே கொண்டாடுகிற ஃபேன்டசியை வாங்கினால் இருநூறாம் பக்கத்தில் சப்பென்று ஆகிவிடுகிறது, திரில்லரை வாங்கினால் கடைசி அத்தியாயம் மொத்தத்தையும் கெடுத்துவிடுகிறது. அடுத்ததை எங்கிருந்து எடுப்பது? கேஎல்சிசிக்குப் போய்ப் புதிதாகவே வாங்குவதா, மிச்சப் புத்தக விற்பனைக்குக் காத்திருப்பதா, சௌராஸ்தா சந்தை மாடியில் பழையதைத் தேடுவதா, நூலகமா, கிண்டிலா, காதில் கேட்பதா?

எது மலிவோ அதை எடு என்று சொல்லிவிட்டுப் போகலாம்தான். ஆனால் ஃபேன்டசி சறுக்குகிற இடம் வேறு, திரில்லர் சறுக்குகிற இடம் வேறு. ஒன்றுக்குப் பொருந்துகிற வழி மற்றதில் காசைக் கரியாக்கும். ஆகவே முதலில் சறுக்கல்.

## ஃபேன்டசி எங்கே விழுகிறது

பெரும்பாலும் இரண்டாம் பாகத்தில். பதிப்பகத்தோடு மூன்று பாகத்துக்கு ஒப்பந்தம் போட்டிருப்பார்கள்; கதை இரண்டு பாகத்துக்குத்தான் வரும். நடுவில் இருப்பதை நிரப்பப் பயணம், அரண்மனை ஆலோசனைக் கூட்டம், மறுபடி பயணம். முதல் பாகத்தில் ஒரு மந்திரம் சொல்ல இரத்தம் சிந்த வேண்டும், ஆயுள் குறைய வேண்டும் என்று கடுமையான விதி போட்டிருப்பார்கள். மூன்றாம் பாகம் வரும்போது நாயகி குழாயைத் திறப்பதுபோல் அதே மந்திரத்தைத் திறந்து மூடுவாள். விலை கொடுக்காத மந்திரத்தில் ஆபத்து இல்லை. ஆபத்து இல்லாத இடத்தில் கதையும் நின்றுவிடும்.

இன்னொரு வகை ஏமாற்றத்துக்கு நூல் பொறுப்பல்ல, அது வைக்கப்பட்ட அலமாரி பொறுப்பு. காதலை மையமாக வைத்த ஃபேன்டசி சில ஆண்டுகளாகக் கொடிகட்டிப் பறக்கிறது. டிராகன், வாள், கிரீடம் போட்ட அட்டையைப் பார்த்து அரசியலும் போரும் எதிர்பார்த்து வாங்குபவருக்கு, உள்ளே பகையில் தொடங்கிக் காதலில் முடிகிற அறுநூறு பக்கம் காத்திருக்கும். காதல் கதை வேண்டியவருக்கு அது நல்ல நூலாகவே இருக்கலாம். பின்னட்டையில் ஆண், பெண் என்று இரண்டு பெயர்கள் மட்டும் இருந்து, நாடு, போர், அரியணை பற்றி ஒரே ஒரு வரி இருந்தால் உள்ளே இருப்பது என்னவென்று தெரிந்துகொள்ளலாம்.

மூன்றாவது, முடியாத தொடர். ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் பெருந்தொடரில் ஐந்தாம் பாகம் 2011-இல் வந்தது. ஆறாவதற்கு இன்னும் காத்திருக்கிறார்கள். பாட்ரிக் ராத்ஃபஸின் தொடரில் முதல் பாகம் 2007, இரண்டாவது 2011. மூன்றாவது இன்னும் வரவில்லை. ராபர்ட் ஜோர்டன் 1990-இல் தொடங்கிய தொடரை முடிக்காமலே 2007-இல் காலமானார். பிராண்டன் சாண்டர்சன் அதை எழுதி முடிக்க 2013 ஆயிற்று. முதல் பாகத்தை வாங்கும்போதே இந்தக் கணக்கைப் போட்டுவிட வேண்டும்.

இவற்றில் பாதியை முன்கூட்டியே பிடித்துவிடலாம் என்பது ஃபேன்டசியின் நல்ல குணம். மோசமான நடையும் செயற்கையான வசனமும் முதல் முப்பது பக்கத்திலேயே தெரியும். தொடர் முடிந்ததா என்பதை ஒரு நிமிடத்தில் தேடிப் பார்த்துவிடலாம்.

## திரில்லர் எங்கே விழுகிறது

கடைசி ஐந்தில் ஒரு பங்கில். 350 பக்க நாவல் என்றால் 280-க்குப் பிறகு. ஆரம்பம் எப்போதும் அருமையாகவே இருக்கும். முதல் இருபது பக்கத்தில்தான் எழுத்தாளரின் முகவரும் பதிப்பாளரும் மயங்கினார்கள், அங்கே உழைப்பு குவிந்திருக்கும். காணாமல் போன மனைவி, பூட்டிய அறை, பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய ஒரு இரவு: எல்லாம் கச்சிதம். முடிவில் கொலையாளி இருபது பக்கம் நின்று தன் காரணத்தை விளக்குவான். அதுவரை கையில் கத்தி சும்மா இருக்கும்.

கதை சொல்பவரே உண்மையை மறைப்பது இன்னொரு தந்திரம். நன்றாகச் செய்தால் இதைவிட இன்பம் இல்லை. ஆனால் 'நான்' என்று பேசுகிற பாத்திரம் தன் மனத்துக்குள் நினைப்பதையே நம்மிடம் ஒளித்து, 300-ஆம் பக்கத்தில் 'நான்தான் செய்தேன்' என்றால் அது திருப்பம் இல்லை, ஏமாற்று வேலை. ரொனால்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் துப்பறியும் கதைக்கு 1929-இல் பத்து விதிகள் எழுதினார். குற்றவாளி கதையின் தொடக்கத்திலேயே வந்திருக்க வேண்டும். துப்பறிபவருக்குக் கிடைக்கிற தடயம் வாசகருக்கும் கிடைக்க வேண்டும். முன்கூட்டி அறிகுறி காட்டாமல் இரட்டைப் பிறவியைக் கொண்டுவரக் கூடாது. நூறு வயதை நெருங்குகிற இந்த மூன்றை மட்டும் வைத்துப் பார்த்தாலே இப்போது வருகிற பல திரில்லர்கள் ஏன் மனத்தில் ஒட்டவில்லை என்பது விளங்கும்.

அட்டையில் 'நீங்கள் எதிர்பார்க்கவே முடியாத திருப்பம்' என்று போடுவதும் கெடுதல்தான். முதல் பக்கத்திலிருந்தே வாசகர் கதையை விட்டுவிட்டுத் திருப்பத்தைத் தேடத் தொடங்கிவிடுகிறார். நூறாம் பக்கத்தில் கண்டும் பிடித்துவிடுகிறார்.

அமெரிக்க நூலகர் நான்சி பெர்ல் சொன்ன ஐம்பது பக்க விதி பலருக்குத் தெரிந்திருக்கும்: ஐம்பது பக்கம் படித்துப் பிடிக்காவிட்டால் மூடிவிடுங்கள், வயது ஐம்பதைத் தாண்டியிருந்தால் நூறிலிருந்து வயதைக் கழித்து வருகிற பக்கத்தோடு நிறுத்தலாம். 62 வயதுக்காரர் 38 பக்கத்தில் தப்பிக்கலாம். ஃபேன்டசிக்கு இது நன்றாக வேலை செய்யும். திரில்லருக்குச் செய்யாது, ஏனென்றால் அதன் முதல் ஐம்பது பக்கம் எப்போதும் நன்றாகத்தான் இருக்கும்.

## எதை வைத்து எடைபோடுவது

ஐந்து கேள்விகள் போதும்.

1. பாதியில் கைவிட்டால் எவ்வளவு போகும்?
2. சறுக்குகிற இடத்தை வாங்குமுன் எட்டிப் பார்க்க முடியுமா?
3. மற்றப் பாகங்கள் அதே வழியில் கிடைக்குமா?
4. பெட்ரோல், வாகன நிறுத்தம், வரி, காத்திருப்பு என்று விலைச்சீட்டில் வராதது எவ்வளவு?
5. பிடித்துவிட்டால் அலமாரியில் வைத்துக்கொள்ள முடியுமா?

திரில்லருக்கு முதல் கேள்விதான் உயிர். ஃபேன்டசிக்கு இரண்டாவதும் மூன்றாவதும்.

## புதுப் புத்தகக் கடை

நம் நாட்டு ஆங்கிலப் புத்தகச் சந்தை பெரும்பாலும் பிரிட்டிஷ் பதிப்பைச் சார்ந்தது. அங்கே கெட்டி அட்டையில் வெளியாகும் அதே சமயத்தில் நமக்குப் பெரிய அளவு மெல்லட்டைப் பதிப்பு வந்துவிடும். விலை பெரும்பாலும் எண்பது வெள்ளியை (ரிங்கிட்டை) ஒட்டியோ அதைத் தாண்டியோ இருக்கும். ஏறக்குறைய ஒரு வருடத்தில் சிறிய அளவுப் பதிப்பு வரும். அது இருபது முப்பது வெள்ளி குறைவு. உள்ளே ஓர் எழுத்துகூட மாறாது. 'உடனே படிக்க வேண்டும்' என்கிற ஆசைக்குத்தான் அந்த முப்பது வெள்ளி.

சூரியா கேஎல்சிசியின் நான்காம் மாடியில் இருக்கும் கினோகுனியா புத்தகக் கடையின் பலம் அலமாரியின் ஆழம். தொடர் நாவலின் எல்லாப் பாகமும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதைப் பார்க்கலாம். நெகிழி உறை போட்டிருந்தால் கடை ஊழியரிடம் கேளுங்கள், பிரித்துக் காட்டச் சொல்வதில் வெட்கம் வேண்டாம். பிரித்த பிறகு செய்ய வேண்டியது:

ஃபேன்டசி என்றால் முதல் பக்கத்தைப் படிக்காதீர்கள். முதல் பக்கத்தை எல்லோரும் மெருகேற்றியிருப்பார்கள். மூன்றில் ஒரு பங்கு தாண்டி, 600 பக்க நூலில் 200-க்குப் பக்கத்தில் திறந்து இரண்டு பக்கம் படியுங்கள். அந்த இரண்டு பக்கத்தில் புதிதாய் உருவாக்கிய ஊர்ப்பெயரும் குலப்பெயரும் ஏழெட்டுக்கு மேல் வந்து, ஒருவர்கூட எதையும் விரும்பவோ பயப்படவோ இல்லையென்றால் திரும்ப வைத்துவிடலாம். பிறகு உரிமைப் பக்கம், அதாவது காப்புரிமை விவரம் அச்சிட்ட பக்கம். முதல் வெளியீட்டு ஆண்டு அங்கே இருக்கும். சில நூல்களில் எழுத்தாளர் முன்பே தானாக வெளியிட்டதும் அங்கே குறிக்கப்பட்டிருக்கும். அப்படியானால் தொடரின் மிச்சம் ஏற்கெனவே மின்நூலாக வெளியில் இருக்கக்கூடும், அதைப் படித்தவர்களின் கருத்தையும் தேடலாம்.

திரில்லர் என்றால் வேறு சோதனை. இரண்டு மூன்று பேர் மாறிமாறிக் கதை சொல்கிற நாவலாக இருந்தால், ஒவ்வொருவரின் அத்தியாயத்திலும் முதல் பத்தியைப் படியுங்கள். தலைப்பில் உள்ள பெயரை விரலால் மறைத்துக்கொண்டு படித்தால் யார் பேசுகிறார் என்று தெரிய வேண்டும். தெரியவில்லையென்றால் அந்த நாவலின் முடிவும் நிற்காது. கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பவர்களும் உண்டு. அது அவரவர் மனசாட்சி.

மறைந்திருக்கும் செலவு: வாரக்கடைசியில் கேஎல்சிசி வாகன நிறுத்தம். கிளானா ஜெயா தடத்து ரயிலில் போனால் நிலையத்திலிருந்து பேரங்காடிக்குள் நேரே நுழைந்துவிடலாம். பக்க விளிம்பில் வண்ணம் பூசிய சிறப்புப் பதிப்பு இன்னொரு பொறி. அழகுதான். ஆனால் முதல் பாகத்தை அப்படி வாங்கியவர், பிடிக்காவிட்டாலும் வரிசை கலையக் கூடாதே என்று மற்றதையும் வாங்குவார்.

பினாங்கில் தேர்வு சுருங்குகிறது. பேரங்காடிகளில் இருக்கும் சங்கிலிக் கடைகளில் அப்போதைய விற்பனைப் பட்டியல் கிடைக்கும். பழைய தொடரின் நடுப்பாகம் கிடைப்பது கடினம்.

எப்போது இதுவே சரி: உங்களுக்கு ஏற்கெனவே பிடித்த எழுத்தாளரின் அடுத்த நூல், பரிசு கொடுக்க, அல்லது முன்னோட்டத்தைப் படித்துப் பிடித்துப்போன, முடிந்துவிட்ட ஃபேன்டசித் தொடர். அறிமுகமில்லாத திரில்லருக்கு இது மிகமோசமான வழி.

## மிச்சப் புத்தக விற்பனை

2009-இல் தொடங்கிய பிக் பேட் வுல்ஃப் விற்பனையும், அதை நடத்துகிறவர்களின் புக்எக்செஸ் கடைகளும் இந்த வகை. கோலாலம்பூரில் ஜாலான் சுல்தானில் பழைய ரெக்ஸ் திரையரங்குக் கட்டடத்திலும் ஒரு கிளை இருக்கிறது. பதிப்பகங்கள் அளவுக்கு மிஞ்சி அச்சடித்து விற்காமல் போனதை மொத்தமாக வாங்கி மிகக் குறைந்த விலையில் விற்பார்கள். நூலின் மேல் அல்லது கீழ் விளிம்பைப் பாருங்கள்: பக்கங்களின் மேல் கறுப்பு மையில் ஒரு புள்ளியோ குறுக்குக் கோடோ இழுத்திருக்கும். மிச்சச் சரக்கு, கடைக்குத் திருப்பித் தர முடியாது என்பதற்குப் பதிப்பகத் தரப்பு போடுகிற அடையாளம் அது. படிப்பதற்கு எந்தக் குறையும் இல்லை.

இந்த விற்பனையின் உள்கணக்கைப் புரிந்துகொண்டால் லாபம். அளவுக்கு மிஞ்சி அச்சாவது எது? பெரிய விளம்பரத்தோடு வந்த நூல்கள்தான். இரண்டு வருடத்துக்கு முன் எண்பது வெள்ளிக்கு விற்ற, எல்லோரும் பேசிய திரில்லர் இங்கே நான்கில் ஒரு பங்கு விலையில் குவிந்துகிடக்க வாய்ப்பு அதிகம். அதற்குள் பரபரப்பு அடங்கி, அது நல்ல நூலா வெறும் சத்தமா என்பதும் தெரிந்திருக்கும். காத்திருக்கத் தெரிந்த திரில்லர் வாசகருக்கு இதைவிட நல்ல இடம் இல்லை.

ஃபேன்டசி வாசகருக்கு இதே இடம் கண்ணி. முதல் பாகம் அதிகம் அச்சாகும், அதனால் அது இருக்கும். இரண்டாம் பாகம் குறைவாக அச்சாகும், அதனால் இருக்காது. சில சமயம் இரண்டாம் பாகம் மட்டும் மலைபோல் கிடக்கும், முதல் பாகம் ஒன்றுகூட இருக்காது. அமெரிக்கப் பதிப்பும் பிரிட்டிஷ் பதிப்பும் கலந்து வருவதால் உயரமும் அட்டையும் ஒன்றோடொன்று பொருந்தாது. பதினைந்து வெள்ளிக்கு முதல் பாகம் வாங்கி, மற்ற இரண்டையும் முழுவிலையில் தேடித்தேடி வாங்கினால் சேமிப்பு எங்கே?

இன்னொரு செலவு கூடையில் ஒளிந்திருக்கிறது. மலிவு என்ற ஒரே காரணத்துக்காகப் பத்து நூல் வாங்கி அதில் ஏழு நூலைத் திறக்காமல் வைத்திருப்பது வீட்டுக்கு வீடு நடப்பதுதான். படித்த மூன்றின் மேல் பத்தின் விலையை ஏற்றிப் பாருங்கள். போகுமுன் கைப்பேசியில் பட்டியல் எழுதிக்கொண்டு போவதே இதற்கு மருந்து.

## பழைய புத்தகம்

ஜார்ஜ்டவுனில் பினாங்கு சாலையில் இருக்கும் சௌராஸ்தா சந்தையின் மாடியில் பழைய புத்தகக் கடைகள் இருக்கின்றன. கீழே ஜாதிக்காய் ஊறல், மேலே புத்தகம். பெட்டாலிங் ஜெயாவில் அம்கார்ப் மாலின் வாரக்கடைசிச் சந்தையிலும் பழைய நூல்கள் கிடைக்கும். முடிந்துபோன பழைய ஃபேன்டசித் தொடர்கள் மொத்தமாகக் கட்டுக் கட்டாக வருவது இங்கேதான்: யாரோ வீடு மாறும்போது முழு வரிசையையும் தள்ளிவிட்டிருப்பார்கள். கேட்டால் கட்டோடு விலை பேசலாம். படித்துவிட்டுத் திருப்பித் தந்தால் ஒரு பங்கு காசு திரும்பத் தருவீர்களா என்றும் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

நம் ஊர் ஈரப்பதம் புத்தகத்துக்கு எதிரி. வாங்குமுன் இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் முகருங்கள். பழைய தாளின் வாசனை வேறு, பூஞ்சை வாசனை வேறு. மூக்கைக் குத்தினால் வேண்டாம், அது அலமாரியில் மற்றவற்றுக்கும் பரவும். பிறகு முதுகு: நூலை நடுவில் மெதுவாக விரித்தால் பசை படபடவென்று உடைகிற சத்தம் கேட்டால் இரண்டாவது வாசிப்பில் தாள்கள் தனித்தனியாக வந்துவிடும். அட்டையில் ஒழுங்கில்லாமல் சுரண்டிய தடம் இருந்தால் இராமபாணப் பூச்சி. எல்லாவற்றுக்கும் மேலாகக் கடைசிப் பக்கங்கள். திரில்லரில் இதை மறந்தால் வாழ்நாள் சோகம். கடைசி இருபது பக்க எண்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். நூலின் இறுதியில் இருக்கும் 'அடுத்த நாவலிலிருந்து ஓர் அத்தியாயம்' என்ற பகுதியைக் கதையின் முடிவென்று நினைத்து ஏமாறாதீர்கள்.

பூச்சி சந்தேகம் இருந்தால் நூலை நெகிழிப் பையில் காற்றுப் புகாமல் கட்டி உறைபெட்டியில் ஒரு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காமல் ஒரு நாள் அப்படியே விடுங்கள். உடனே பிரித்தால் நீர் முத்து தாளில் இறங்கிவிடும்.

புதிதாய் வந்தது வேண்டுபவருக்கு இது வழியில்லை. நேரம் இருப்பவருக்கும், தொடரை மொத்தமாக வாங்கிப் படிப்பவருக்கும் இதுவே முதல் தேர்வு.

## நூலகம்

கைவிட்டால் நட்டம் சுழியம். திரில்லருக்கு இதைவிட என்ன வேண்டும்? ஒருமுறை படித்து முடிவு தெரிந்துவிட்டால் பெரும்பாலான திரில்லரை மறுபடி தொடமாட்டோம். சொந்தமாக வைத்துக்கொள்வதில் அர்த்தமே இல்லாத வகை அது.

தலைநகரில் ஜாலான் துன் ரசாக்கில் தேசிய நூலகம். மெர்டேகா சதுக்கத்தை ஒட்டிக் கோலாலம்பூர் நூலகம், மஸ்ஜித் ஜாமெக் ரயில் நிலையத்திலிருந்து நடந்துவிடலாம். சிலாங்கூர்க்காரர்களுக்கு ஷா ஆலமில் ராஜா துன் உடா நூலகம். பினாங்குப் பொது நூலகத்தின் தலைமையகம் செபராங் ஜெயாவில், அதாவது தீவுக்காரர்களுக்கு அக்கரையில். காரில் போனால் பாலக் கட்டணத்தையும் நெரிசலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். திருப்பிக் கொடுக்க மறுபடி ஒரு பயணம். தீவிலிருக்கும் கிளையில் கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கிளம்புமுன் நூலகப் பட்டியலை இணையத்தில் தேடுங்கள். எழுத்தாளர் பெயரைப் போட்டுத் தேடுவது நல்லது, தலைப்பில் பிழையிருந்தால் வராது. ஃபேன்டசி என்றால் எல்லாப் பாகமும் இருக்கிறதா, இருப்பவை கடன் கொடுக்கும் பிரிவில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இரண்டாம் பாகம் தொலைந்துபோய் ஒன்றும் மூன்றும் மட்டும் நிற்பது நூலகங்களின் தீராத நோய். புதிய நூல் வந்து சேரத் தாமதமாகும். அதை ஒரு குறையென்று நினைக்க வேண்டியதில்லை, மிச்ச விற்பனையில் சொன்ன அதே வடிகட்டல் இங்கும் நடக்கிறது.

மலேசியத் தமிழ் நாவல்களைத் தேடுபவருக்கு ஒரு தகவல். 1986-ஆம் ஆண்டின் நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டப்படி இங்கே வெளியாகும் ஒவ்வோர் அச்சு நூலிலும் ஐந்து பிரதிகள் தேசிய நூலகத்துக்குத் தரப்பட வேண்டும். கடையில் தீர்ந்துபோன உள்ளூர் நாவலை அங்கே கேட்டுப் பார்க்கலாம். ஆனால் ஒப்படைப்புத் தொகுப்பு அங்கேயே உட்கார்ந்து படிக்கத்தான், வீட்டுக்கு வராது.

## மின்நூல்

மலிவு என்ற நம்பிக்கையை முதலில் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பெரிய பதிப்பகத்தின் புதிய நாவல் அமேசானில் 14.99 டாலர். ஒரு டாலருக்கு 4.20 வெள்ளி என்று வைத்தால் 63 வெள்ளி. வெளிநாட்டு மின்சேவைக்கான சேவை வரி 2024 மார்ச்சிலிருந்து 8%. அது சேர்ந்தால் 68. அதற்கு மேல் வங்கி அட்டையின் அந்நியச் செலாவணிக் கட்டணம். அலமாரியிலும் நிற்காத, யாருக்கும் இரவல் தர முடியாத ஒன்றுக்கு இந்த விலை. வாங்குவதே உரிமம்தான், நூல் இல்லை. 2025 பிப்ரவரியிலிருந்து கிண்டில் நூலைக் கணினியில் இறக்கிக் கம்பிவழி கருவிக்கு மாற்றும் வசதியையும் அமேசான் எடுத்துவிட்டது.

ஆனாலும் ஃபேன்டசி வாசகருக்கு மின்நூலால் ஒரு பெரிய உதவி உண்டு: இலவச முன்னோட்டம். வழக்கமாக நூலில் சுமார் பத்தில் ஒரு பங்கு. 600 பக்க ஃபேன்டசியில் அறுபது பக்கம். ஐம்பது பக்க விதியை ஒரு காசு செலவில்லாமல் நிறைவேற்றிவிடலாம். கைப்பேசிச் செயலியே போதும், கருவி வாங்கத் தேவையில்லை. ஐந்து நூலின் முன்னோட்டத்தை இறக்கி வைத்து, எது உங்களை 'அடுத்தது என்ன' என்று கேட்கவைக்கிறதோ அதை மட்டும் அச்சில் வாங்குங்கள். திரில்லருக்கு இந்த முன்னோட்டம் வெறும் தூண்டில், ஏன் என்று மேலே பார்த்தோம்.

தவறுதலாக வாங்கியதை ஏழு நாளுக்குள் திருப்பலாம், ஆனால் பத்தில் ஒரு பங்குக்கு மேல் படித்திருந்தால் தானாகத் திரும்பாது. முன்னோட்டத்தில் ஏற்கெனவே படித்த அளவுதான் அது.

புதிய பாகம் வெளிவரும் சமயத்தில் முதல் பாகத்தை 1.99 அல்லது 2.99 டாலருக்குத் தள்ளிவிடுவது வழக்கம். அப்போது வாங்கினால் வரியோடு ஒன்பதிலிருந்து பதினான்கு வெள்ளிக்குள்தான். அடுத்த பாகங்கள் முழுவிலையில் நிற்கும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு வாங்குங்கள்.

தமிழில் படிக்க மனம் திரும்பினால் கணக்கே மாறிவிடும். 1950 முதல் 1954 வரை தொடராக வந்து ஐந்து பாகத்தில் முடிந்த பொன்னியின் செல்வன் மதுரைத் திட்டம் என்ற தமிழ் மின்நூல் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அரண்மனைச் சதி, கடற்பயணம், வாரிசுச் சண்டை என்று ஆங்கில ஃபேன்டசியில் தேடுகிற பலதும் அதில் இருக்கின்றன, டிராகன் மட்டும் இல்லை. தமிழ்க் குற்றக்கதைப் பாக்கெட் நாவல்கள் நூறு பக்கத்தை ஒட்டி முடிந்துவிடும். முடிவு சொதப்பினாலும் போனது ஒரு மாலைப்பொழுது.

## ஒலிநூல்

மணிக்கு ஏறக்குறைய ஒன்பதாயிரம் சொல் வேகத்தில் வாசிப்பார்கள். ஒரு லட்சம் சொல் திரில்லர் பதினொரு மணி நேரம். இரண்டு லட்சம் சொல் ஃபேன்டசி இருபத்திரண்டு. அமேசானின் ஒலிநூல் சேவையான ஆடிபிளில் மாதம் 14.95 டாலருக்கு ஒரு நூல் என்ற திட்டத்தில் இரண்டுக்கும் ஒரே விலை என்பதால், காசுக்கணக்கு ஃபேன்டசிப் பக்கம் சாயும். காது ஒப்புக்கொள்ளாது. வரைபடம் இல்லை, பெயர்களின் எழுத்து தெரியாது, ரயிலில் அறிவிப்பு வந்தால் ஒரு அரச வம்சமே தவறிவிடும். திரில்லரிலும் காலம் முன்னும் பின்னும் தாவுகிற நாவல் வேண்டாம்; அத்தியாயத் தலைப்பில் இருக்கும் ஆண்டைத் தவறவிட்டால் மொத்தமும் குழம்பும். நேர்கோட்டில் போகிற துப்பறியும் கதைதான் பயணத்துக்கு ஏற்றது. மாதாமாதம் கிடைத்து நூல் எடுக்காமல் சேர்த்து வைத்த வரவு ஒரு வருடத்தில் காலாவதியாகும், சந்தாவை நிறுத்தினால் மிச்சமும் போகும், நிறுத்துமுன் செலவழித்துவிடுங்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | கைவிட்டால் நட்டம் | எட்டிப் பார்க்க | மற்றப் பாகங்கள் | ஃபேன்டசிக்கு | திரில்லருக்கு |
|---|---|---|---|---|---|
| புதுக் கடை | மிக அதிகம் | கடையில் நின்று | கிடைக்கும் | தேர்ந்த பிறகு மட்டும் | தெரிந்த எழுத்தாளர் மட்டும் |
| மிச்ச விற்பனை | குறைவு | நின்று பார்க்கலாம் | பெரும்பாலும் இல்லை | தனி நாவலுக்கு மட்டும் | மிக ஏற்றது |
| பழைய புத்தகம் | மிகக் குறைவு | நின்று பார்க்கலாம் | கட்டாக வந்தால் உண்டு | முடிந்த தொடருக்கு ஏற்றது | கடைசிப் பக்கம் பார்த்தால் சரி |
| நூலகம் | இல்லை | முழுதும் | இடையில் ஒன்று குறையும் | பட்டியல் பார்த்தபின் | முதல் தேர்வு |
| மின்நூல் | அதிகம் | இலவச முன்னோட்டம் | கிடைக்கும் | சோதிக்க மிக ஏற்றது | தள்ளுபடியில் மட்டும் |
| ஒலிநூல் | அதிகம் | சில நிமிடம் | பெரும்பாலும் உண்டு | மறுவாசிப்புக்கு | நேர்கோட்டுக் கதைக்கு |

## உங்கள் நிலை எது?

மாதம் நூறு வெள்ளிதான் ஒதுக்க முடியும் என்றால் அதில் ஒரு வெள்ளிகூடத் திரில்லருக்குப் போக வேண்டாம். திரில்லர் எல்லாம் நூலகத்திலிருந்து. நூறையும் சேர்த்து வைத்து, முன்னோட்டத்தில் தேறிய ஃபேன்டசியின் சிறிய அளவுப் பதிப்பை வாங்குங்கள்.

நூலகத்துக்குப் போக நேரமே இல்லாத வேலை என்றால் புக்எக்செஸில் இரண்டு வருடப் பழைய திரில்லர் நான்கைந்து. ஒன்று தேறினாலும் புதுக் கடையில் ஒன்று வாங்கியதைவிட மேல்.

தொடர் நாவல்களால் நொந்துபோனவருக்கு: அடுத்த ஆறு மாதம் ஒரே பாகத்தில் முடிகிற ஃபேன்டசி மட்டும். உரிமைப் பக்கத்திலோ அட்டையிலோ 'முதல் பாகம்' என்ற சொல் இருந்தால் கீழே வைத்துவிடுங்கள். தொடர்தான் வேண்டும் என்றால் கடைசிப் பாகம் வந்து ஒரு வருடம் ஆனதை எடுங்கள். கடைசிப் பாகத்தைப் பற்றிய கருத்தை மட்டும் படித்தால் போதும், முதல் பாகத்தின் புகழ்ச்சி எதற்கும் உதவாது.

திரில்லர் வாசகர் படிக்க வேண்டியது மூன்று நட்சத்திர மதிப்புரைகளை. ஐந்து போடுகிறவர் கொண்டாடுகிறார், ஒன்று போடுகிறவர் திட்டுகிறார். மூன்று போடுகிறவர்தான் 'எழுபது சதவீதம் வரை நன்றாக இருந்தது, பிறகு...' என்று சறுக்கிய இடத்தை முடிவைச் சொல்லாமலே காட்டிக்கொடுப்பார்.

எந்த வழியில் வாங்கினாலும் ரசீதை எறியாதீர்கள். வருமான வரியில் வாழ்க்கைமுறைச் செலவுக்கான 2,500 வெள்ளிக் கழிவில் புத்தகமும் அடங்கும், அச்சு, மின்நூல் இரண்டுமே. கைப்பேசி, இணையக் கட்டணம் எல்லாம் அதே 2,500-க்குள்தான் வருகின்றன, அவை ஏற்கெனவே நிரப்பிவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆவணத்தை ஏழு வருடம் வைத்திருக்க வேண்டும். கடைகள் தருகிற வழவழத் தாள் ரசீது நம் வெப்பத்தில் ஒரு வருடத்தில் வெளுத்துவிடும், வாங்கிய அன்றே படம் எடுத்துவிடுங்கள்.